அம்மாவின் இரவுக் காவல்

என் மகள் பிறந்த துடக்கு நீங்க முப்பத்தொன்று கழித்த அன்று பின்னேரம் எங்கள் வீட்டில் ஒரு மாநாடு கூடியது. நான் இனி எப்போது பிள்ளை பெறலாம், எப்போது பெறக் கூடாது என்பதுதான் விடயம். என் கணவரின் அம்மாவான மாமி பேசினார். அம்மா பேசினார். பிள்ளை பார்க்க வந்த பக்கத்து வீட்டுக்காரி பேசினார். கேற்றடியில் மீன் கேட்டு வந்த ஒருவர்கூடத் தன் பங்குக்கு இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார். பெறப்போகிறவள் குசினிக்குள் இருந்து பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவளை ஒருவரும் கூப்பிடவில்லை.

அவள் நான்தான். அப்போது எனக்குப் பதினெட்டு வயது.

நான் கண்டாவளைப் பக்கம் வயல்காரர் வீட்டுப் பிள்ளை. இவர், அதாவது என் கணவர், கொக்கிளாய்ப் பக்கம் கடற்தொழில் செய்கிற கத்தோலிக்கக் குடும்பம். கடல் சரியில்லாத மாதங்களில் களப்பில் பட்ட மீனையும் இறாலையும் மோட்டார் சைக்கிள் பெட்டியில் கட்டிக்கொண்டு எங்கள் ஊருக்கு விற்க வருவார். இடையில் எத்தனையோ ஊர்கள் இருக்க, இந்தப் பொடியன் ஏன் இவ்வளவு தூரம் வருகிறான் என்று ஊரில் எவரும் யோசிக்கவில்லை. மீன் மலிவாகக் கிடைத்தது, அவ்வளவுதான். ஒரு நாள் மீன்பெட்டியைக் கழற்றி வைத்துவிட்டு அந்த இடத்தில் என்னை ஏற்றிக்கொண்டு போனார். எனக்குப் பதினேழு வயது. தள்ளித் தள்ளிப் போன சாதாரண தரப் பரீட்சைக்கு இன்னும் சில கிழமைகள்தான் இருந்தன.

அப்பா கொதித்தார். என் வயதுக்காகவோ பரீட்சைக்காகவோ அல்ல. நான் போனது வேதக்காரர் வீட்டுக்கு என்பதற்காக. அதே வயதில் ஒரு சைவப் பொடியனோடு போயிருந்தால் ஒரு மாதத்தில் சமாதானமாகி, நாள் பார்த்து, பந்தல் போட்டிருப்பார்.

ஓடிப்போன அன்று காலை வரை நான் சின்னப் பிள்ளை. எனக்கு எதையும் சொல்லித்தரும் வயது வரவில்லை. அடுத்த நாள் குடும்பப் பெண். எனக்கு எல்லாம் தெரிந்திருக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானப் புத்தகத்தில் அந்தப் பாடம் வந்தபோது ரீச்சர் அதை வீட்டில் வாசித்துக்கொண்டு வரச் சொன்னார். வீட்டில் அம்மா அந்தப் பக்கங்களைப் பார்த்துவிட்டு, இதையெல்லாம் பள்ளிக்கூடத்தில் படி என்றார். இரண்டுக்கும் நடுவில் யாராவது வந்து விளக்குவார்கள் என்று பார்த்தேன். ஒருவரும் வரவில்லை. பிள்ளைதான் வந்தது.

பிள்ளை வந்ததில் எனக்குக் குறை இல்லை. அவளைப் பார்த்தால் இன்றும் எனக்கு நெஞ்சு நிறையும். ஆனால் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோதே ஒன்றைத் தீர்மானித்துவிட்டேன். எனக்கு அடுத்த பிள்ளை இப்போது வேண்டாம், அந்தப் பரீட்சைதான் வேண்டும். பெரிய கனவு ஒன்றும் இல்லை. கணக்கில் நான் கெட்டிக்காரி. எழுதாமல் விட்ட சோதனை தொண்டையில் முள் மாதிரிக் குத்திக்கொண்டிருந்தது.

எங்கள் கரையில் இது லேசான காரியம் இல்லை. அடுத்த ஒழுங்கையில் என் வயதுப் பெண் ஒருத்தி இருந்தாள். என்னைப் போலவே ஓடி வந்தவள். முதல் பிள்ளை நடக்கத் தொடங்க முதலே இரண்டாவது வயிற்றில். எங்களைப் போன்றவர்களின் முதல் பிள்ளையைத் தெரியாமல் வந்தது என்பார்கள், இரண்டாவதைக் கடவுள் தந்தது என்பார்கள். நடுவில், பிள்ளை தங்காமல் தடுக்கும் ஒரு குச்சியோ ஊசியோ வந்து நிற்கலாம் என்று சொன்னால் மட்டும் காதைப் பொத்திக்கொள்வார்கள்.

முப்பத்தொன்றுக்குக் கூடிய மாநாட்டில் முதலில் மாமிதான் தீர்ப்புச் சொன்னார்.

"பால் குடுக்கிற வரைக்கும் வயித்தில ஒண்டும் நிக்காது. ஆரும் பயப்பிடத் தேவையில்லை."

மாமி இதை நம்பித்தான் ஐந்து பெற்றார். அதில் இரண்டு பால்குடி மறக்காத பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டே வந்தவை. அனுபவம் என்ன சொன்னாலும் மாமியின் நம்பிக்கை தளரவில்லை. போதாததற்கு, என் மகளைப் பார்க்கும் நேரமெல்லாம் ஒரு பெருமூச்சு விடுவார். வலை இழுக்க ஒரு ஆம்பிளைப் பிள்ளை வந்த பிறகு நிற்பாட்டலாம் என்பது அவருடைய குடும்பத் திட்டமிடல்.

பிறகு, வீடு வீடாகப் போய்த் தாய் பிள்ளையைப் பார்க்கும் குடும்பநல மாது ஸ்கூட்டியில் வந்தார். ஊரில் அவரை மிஸ்ஸி என்போம். மாமி பக்கத்தில் இருந்ததால் மிஸ்ஸி சுற்றி வளைத்துப் பேசினார். "பிள்ளைக்குப் பிள்ளை ஒரு இடைவெளி இருந்தா நல்லம் அம்மா. தாய்க்கும் உடம்பு தேற வேணும்." மாமி ஓம் ஓம் என்று தலையாட்டினார். இடைவெளி எப்படி வரும் என்று மிஸ்ஸி சொல்லவில்லை, மாமியும் கேட்கவில்லை. கேற்றுவரை நான் வழியனுப்பப் போனபோதுதான் மிஸ்ஸி குரலைத் தாழ்த்தி, ஊசி இருக்கு, உள்ளே வைக்கிற லூப் இருக்கு, கையில் வைக்கிற குச்சி இருக்கு, கிளினிக்குக்கு வா என்றார். மாமிக்குத் தெரிந்தால் கழற்ற வைத்துவிடுவார் என்று சொன்னேன். ஸ்கூட்டியை முறுக்கிக்கொண்டே, "அவாவின்ரை கையிலயோ வைக்கிறது?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

இவரிடம் சொன்னேன். இவர் கொஞ்சம் யோசித்தார். ஒரு வீட்டில் ஐந்து பேராக ஒரு மீனைப் பங்கிட்டு வளர்ந்தவர் என்பதால் யோசனை நீளவில்லை. இரண்டு பேருமாகப் போனோம். டொக்டர் என் இடது மேற்கையின் உட்பக்கத்தில் விறைப்பு ஊசி போட்டு, சின்னதாய்க் கீறி, குச்சியைச் செருகினார். எனக்கு ஒன்றும் செய்யவில்லை. புயல் வருகிறது என்று வானொலி கத்தும்போது வலை எடுக்கப் போகிற இவர், அந்த ஊசியைப் பார்த்த இடத்திலேயே மயங்கி விழுந்தார். மிஸ்ஸி என்னை விட்டுவிட்டு இவருக்குத் தண்ணீர் தெளித்தார். வீட்டுக்கு வந்து, கையில் கட்டு ஏன் என்று கேட்டவர்களுக்குக் கதவு இடித்தது என்று சொன்னேன். இவருடைய நெற்றிப் புடைப்புக்கும் அதே கதவுதான்.

இனி அம்மாவின் கதைக்கு வருகிறேன்.

முதற் பிள்ளைப்பேற்றுக்கு மகள் தாய்வீட்டுக்குப் போவதுதான் முறை. அப்பா என்னைப் படி ஏற விடமாட்டேன் என்றபடியால் தாய்வீடு என்னிடம் வந்தது. அம்மா ஒரு பையோடு வந்து இறங்கினார். முப்பத்தொன்று முடியப் போய்விடுவார் என்று நினைத்தோம். போகவில்லை. மாநாட்டில் கடைசியாக எழும்பித் தன் முடிவை அறிவித்தார்.

"பிள்ளையின்ரை காவலுக்கு நான் நிப்பன். ஒருக்காப் பிழை விட்டவள். திரும்பவும் பிழை விட நான் விடமாட்டன்."

காவல் என்றால் சும்மா காவல் இல்லை. இருட்டியதும் எங்கள் அறை வாசலுக்குக் குறுக்கே பாயைப் போட்டு, தலைமாட்டில் ஒரு ரோச் லைட்டும் கால்மாட்டில் ஒரு விளக்குமாறும் வைத்துக்கொண்டு படுத்துவிடுவார். எலிகூட அவரைத் தாண்டாமல் உள்ளே போக முடியாது. பால் குடிக்கிற காலத்தில் எப்படியும் ஒன்றும் நிற்காது என்று மாமியும் மறுக்கவில்லை. விடிந்ததும் பாயைச் சுருட்டி மூலையில் சாத்திவிட்டு, கடமை முடிந்த காவற்காரன் மாதிரிக் கைகால் முறித்துக்கொண்டு, மாமியோடு கருவாடு காயப்போடக் கரைக்குப் போவார்.

இதில் சிரிப்பதற்கு என்ன இருக்கிறது என்று வயல் ஊர்க்காரர் கேட்கலாம். கடற்கரையில் பிறந்த எவரும் கேட்கமாட்டார்கள். எங்கள் ஆண்கள் பொழுதுபட வள்ளம் தள்ளினால் விடியத்தான் கரைக்கு வருவார்கள். இரவு முழுவதும் அம்மா காவல் காத்த வீட்டில் ஆண் வாசமே கிடையாது. இவர் உப்பு மணத்தோடு வாசலுக்கு வரும் நேரம் பார்த்துத்தான் அம்மா பாயைச் சுருட்டுவார். அதற்குப் பிறகு பின்னேரம் வரைக்கும் வீட்டில் நானும் இவரும் பிள்ளையும்தான்.

அம்மா வயல்காரி. அவர் அறிந்த ஆண்கள் பகலில் வரம்பில் நிற்பார்கள், இரவில் வீட்டில் படுப்பார்கள். ஊர் மாறினாலும் அந்தக் கணக்கு மனதில் மாறவில்லை என்று நினைத்தேன். இவருக்கோ கொண்டாட்டம்.

"கொம்மா நான் இல்லாத நேரமாப் பாத்துத்தான் என்னட்டையிருந்து உன்னைக் காக்கிறா," என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

நானும் சிரித்தேன். கையில் குச்சி இருந்தது, மடியில் கணக்குப் புத்தகம் இருந்தது. சிரிக்க என்ன தடை? வாடைக்காற்று அடித்துக் கடல் மூடிய நாட்களில் மட்டும் காவலுக்கு உண்மையான வேலை வந்தது. அந்த நாட்களில் இவர் மரியாதையாகக் கரையில் வலை வைக்கும் வாடிக் குடிசையில் போய்ப் படுத்தார். மாமியாரைத் தாண்டி நடக்கும் துணிவு எந்த மீனவனுக்கும் இல்லை.

அப்பா இடைக்கிடை போன் எடுப்பார். என்னோடு கதைக்கமாட்டார். அம்மாவிடம் ஒரே கேள்விதான்.

"எப்ப வாறாய்?"

"பிள்ளையைத் தனிய விட்டிட்டு எப்பிடி வாறது? இவளை நம்பேலாது."

அண்ணன் வெளியூரில் வேலை; அப்பாவுக்கும் என் தம்பிகள் இரண்டு பேருக்கும் பெரியம்மா வீட்டிலிருந்து சோறு போனது. விதைப்புக்கும் அறுவடைக்கும் அம்மா கண்டாவளைக்குப் போவார். அறுத்த வைக்கோல் காய முதல் திரும்பி வந்துவிடுவார். பஸ்ஸால் இறங்கிய உடனே பாய் எங்கே என்றுதான் கேட்பார். என்மேல் இவ்வளவு சந்தேகமா என்று எனக்குக் கோபம் வரும். சில நாட்களில் பாயை ஒளித்து வைக்கலாமா என்றுகூட யோசித்தேன்.

என் மகள் எழுந்து நடக்கத் தொடங்கிய காலத்தில் ஒரு நிறுவனத்தார் நகரத்திலிருந்து வந்து, பொதுநோக்கு மண்டபத்தில் விழிப்புணர்வுக் கருத்தரங்கு வைத்தார்கள். இளவயதுக் கர்ப்பத்தைத் தடுப்போம் என்று பெரிய பதாகை. அதற்கு நேர் கீழே, ஏற்கெனவே தடுக்கத் தவறிய எங்களை முன்வரிசையில் இருத்தினார்கள். படத்துக்கு அப்போதுதான் நன்றாக இருக்குமாம். பிள்ளைகளை மடியில் வைத்திருக்கும்படியும் கேட்டுக்கொண்டார்கள்.

அவர்கள் பேசவென்று கூட்டிவந்த வளவாளர் ஒருவர் பேசினார். நல்ல குரல். கைத்தொலைபேசியால் வந்த கேட்டைப் பற்றிப் பேசினார். சினிமாவைப் பற்றிப் பேசினார். எங்கள் கலாசாரம் எப்படி இருந்தது, இப்போது எங்கே போகிறது என்று பேசினார். குச்சியைப் பற்றியோ ஊசியைப் பற்றியோ ஒரு சொல் வரவில்லை. பிள்ளைகள் கைத்தொலைபேசிக்குள்ளிருந்து பிறப்பதாக நினைத்துவிட்டார் போலும். பிறகு ரோல்ஸும் சோடாவும் தந்தார்கள். ஆளுக்கொரு பிளாஸ்ரிக் வாளியும் இருக்கிறது, கூட்டம் முடியத்தான் தருவோம் என்று அறிவித்தார்கள். அதனால் எவரும் எழும்பிப் போகவில்லை.

முடிவில் வளவாளர் கேட்டார். "தன்ரை பிள்ளையைப் பொறுப்போடை பாதுகாத்த ஒரு தாய் இந்தக் கிராமத்தில இருந்தா, எழும்பி ரெண்டு வார்த்தை சொல்லுங்கோ."

மாமி முழங்கையால் இடித்தார். "சம்மந்தி, எழும்புங்கோ."

அம்மா எழும்பினார். சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"என்ரை பிள்ளை பிழை விட்டவள்தான். ஆனா ரெண்டாந்தரம் விடேல்லை. ஏன் விடேல்லை? நான் ஒவ்வொரு இரவும் அவளின்ரை அறை வாசல்ல படுக்கிறனான். என்னைத் தாண்டி ஒரு காத்தும் போகாது."

கைதட்டல். வளவாளர் உருகிப்போனார். "பாத்தீங்களோ, இதுதான் தாய்மை. எல்லாத் தாய்மாரும் இப்பிடிக் காவல் இருந்தால் இந்தப் பிரச்சினையே வராது."

அப்போது எனக்குப் பின்னால் ஒரு குரல். அடுத்த ஒழுங்கைக்காரிதான். ஒன்று மடியில், மற்றது இடுப்பில்.

"குறை நினைக்காதேங்கோ அம்மா. உங்கடை மருமோன் இரவில தொழிலுக்கெல்லோ போறவர்? பகலிலயெல்லோ வீட்டில நிக்கிறவர்? பகலில ஆர் காவல்?"

மண்டபத்தில் கூரைத் தகரம் அதிரச் சிரித்தார்கள். வளவாளருக்கு மட்டும் விளங்கவில்லை. பக்கத்தில் இருந்தவரிடம் குனிந்து கேட்டார்.

மாமி சிரிக்கவில்லை. மாமியின் முகத்தில் ஒரு கணக்கு ஓடுவதைக் கண்டேன். இரவில் காவல் சும்மா. பிள்ளை பால் மறந்து சோறு தின்னத் தொடங்கிவிட்டது. பகலில் இரண்டு பேரும் வீட்டில். அப்படியானால் பேரன் ஏன் இன்னும் வரவில்லை? மாமியின் கண் என் முகத்திலிருந்து வயிற்றுக்கு வந்தது. அங்கேயிருந்து மெல்ல என் சட்டைக் கைக்குப் போனது. நான் பிள்ளையை அந்தக் கையின்மேல் சாய்த்துக்கொண்டேன். பரீட்சைக்கு இன்னும் சில மாதங்கள் இருந்தன.

அம்மா இன்னும் நின்றுகொண்டிருந்தார்.

"பகலிலயோ பிள்ளை?" என்று அந்தப் பெண்ணைப் பார்த்துக் கேட்டார். "விடிய வந்து, வலை சிக்கெடுத்து, மீன் குடுத்திட்டு வந்து விழுந்தா என்ரை மருமோன் பின்னேரம் வரைக்கும் கட்டை. பேத்தி மூக்குக்குள்ள விரல் விட்டாலும் எழும்பார். கட்டைக்கு ஆர் காவல் இருப்பினம்?"

சிரிப்பு இரண்டு மடங்காகியது. இந்த முறை மாமியும் சேர்ந்தார். "ஓம், என்ரை பொடியன் நித்திரை கொண்டா அப்பிடித்தான், சின்ன வயசிலயிருந்து," என்று பெருமையோடு பக்கத்துக்காரிக்குச் சொன்னார். கண் என் கையை விட்டுப் போய்விட்டது.

நான் சிரிக்கவில்லை. அம்மா சொன்னது பச்சைப் பொய். இவர் இரண்டு மணித்தியாலம் படுத்தாலே பெரிய காரியம். மிச்ச நேரம் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு திரிவார், நான் செய்த கணக்கை விடையோடு ஒப்பிட்டுப் பார்த்துப் பிழை போடுவார். கரையிலிருந்து சாப்பாட்டுக்கு வரும்போதெல்லாம் அம்மா அதைப் பார்த்துக்கொண்டுதான் வருகிறவர்.

வாளிகளோடு வீட்டுக்கு நடந்தோம். மாமி முன்னால் யாரோடோ கதைத்துக்கொண்டு போனார். நானும் அம்மாவும் பின்னால். பிள்ளை அம்மாவின் தோளில் நித்திரை.

"அம்மா, உங்களுக்குத் தெரியுமோ?"

"என்னத்தை?"

"கையில வைச்சது."

அம்மா முன்னால் போகும் மாமியைப் பார்த்துக் குரலைக் குறைத்தார். "கதவு இடிச்சதாம். ஒரு கிழமையா நீ பிள்ளையை இடக்கையால தூக்கேல்லை. எந்தக் கதவு அக்குளுக்குக் கிட்ட இடிக்கும்?"

"அப்ப, இவர் இரவில நிக்கிறேல்லை எண்டதும்..."

"நான் கண்ணில்லாதவளே?"

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. "எல்லாம் தெரிஞ்சும் பிறகேன் வாசல்ல கிடக்கிறியள்? நான் என்ன களவெடுத்தவளே?"

அம்மா பிள்ளையை மற்றத் தோளுக்கு மாற்றினார்.

"உன்ரை மனுசன் இரவில கடலுக்குப் போறவர்," என்றார். "வயல்காரன் கொப்பா போறவரே?"

எனக்கு உடனே பிடிபடவில்லை. பிடிபட்டபோது முகம் சுட்டது.

"எனக்கு என்ன வயசெண்டு தெரியுமே உனக்கு?" என்று அம்மா கேட்டார். நான் யோசித்துப் பார்த்தது அன்றைக்குத்தான் முதல் தடவை. முப்பத்தாறு. இவருடைய மூத்த அக்காவைவிட இளையவர். அம்மாவை நாங்கள் எல்லோரும் ஒரு கிழவி மாதிரி வாசலில் போட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தோம்.

"சண்டைக் காலத்தில இயக்கத்துக்குப் பிடிச்சுக்கொண்டு போயிடுவாங்கள் எண்டு பயந்து பதினாறில என்னை அவசரமாக் கட்டி வைச்சவை. கொண்ணனுக்குப் பல்லு முளைக்க முந்தி நீ வந்திட்டாய். ஒண்டைத் தூக்கிக்கொண்டு, மற்றதை வயித்தில வைச்சுக்கொண்டு ஊர் ஊரா ஓடினனான். எனக்கு ஒருத்தரும் இடைவெளி எண்டு கதைக்கேல்லை. பிறகு தம்பியவை. நடுவில ஒண்டு கலைஞ்சது, அது உனக்குத் தெரியாது. இனி ஒண்டு வந்தா என்னால ஏலாது பிள்ளை. உடம்பில ஒண்டும் மிச்சமில்லை."

"அப்பாட்டைச் சொல்லியிருக்கலாமே. கிளினிக்குக்குப் போறன் எண்டு."

"சொன்னனான். வேற ஆருக்காகப் போறாய் எண்டு கேட்டவர்."

அப்பாமேல் எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த வாளியை ரோட்டில் போட்டு மிதிக்கவேண்டும் போல இருந்தது. என்னைப் படி ஏற விடாதவர், அம்மாவைப் படி இறங்க விட்டதுக்கு ஒரே காரணம் என்னுடைய ஒழுக்கம். என் ஒழுக்கத்தைச் சாட்டாக வைத்துத்தான் அம்மாவால் தன் இரவுகளை எடுத்துக்கொள்ள முடிந்தது. இந்த நாட்டில் ஒரு பெண் தன் உடம்பைக் காப்பாற்ற வேண்டுமென்றால், இன்னொரு பெண்ணின் நடத்தையில் சந்தேகப்பட்டால்தான் அனுமதி கிடைக்கும் போல.

பரீட்சை எழுதினேன். பள்ளிக்கூட வாசலில் அம்மா பிள்ளையை வைத்துக்கொண்டு இருந்தார். கணக்கு வினாத்தாள் லேசாக இருந்தது.

எழுதி முடித்த கிழமை அம்மாவையும் கூட்டிக்கொண்டு கிளினிக்குக்குப் போனேன். வழி நெடுக அம்மாவுக்கு ஒரே யோசனை. பேத்தி கண்டவள் இந்த வரிசையில் நின்றால் சனம் என்ன சொல்லும், யாராவது கண்டாவளைக்குச் சொல்லிவிட்டால் என்ன செய்வது, பேசாமல் திரும்புவோமா. நான் கையை விடவில்லை. வரிசையில் என் வயதுப் பிள்ளைகள்தான் அதிகம். மிஸ்ஸி அம்மாவைக் கண்டு சிரித்தார்.

"பேத்தியைக் கொண்டு வந்தனீங்களோ அம்மா? அங்கால கதிரையில இருங்கோ."

அம்மா இருக்கவில்லை. பிள்ளையை என்னிடம் தந்தார்.

"இல்லை மிஸ்ஸி. எனக்குத்தான் வந்தனான்."

எனக்கு முன்னால் நின்ற ஒருத்தி திரும்பி, அம்மாவை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இவாவுக்கோ?" என்று என்னிடம் கேட்டாள்.

"ஓம், இவாவுக்குத்தான்," என்றேன். "கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ, அவா முன்னுக்குப் போகட்டும்."